தளிக்கு வந்து சேராத முன்னுரை

ஓசூர் ரோஜாவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஏன் உலகம் தோன்றிய கதையிலிருந்து தொடங்குகிறார்கள்? நான் ஓசூர் பக்கத்துத் தளிக்காரன் என்பதால் இந்த வட்டாரத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை என்றாலே மதிப்பிடச் சொல்லி என் தலையில் கட்டிவிடுகிறார்கள். முக்கால்வாசி ஒரே அச்சு. முதல் பத்தியில் உலகப் பொருளாதாரம், அடுத்ததில் நாட்டின் முதுகெலும்பு விவசாயம், அப்புறம் தமிழ்நாடு, அப்புறம் மாவட்டம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்குள் முன்னுரையே முடிந்துவிடுகிறது. எங்கள் ஊருக்கு மிஞ்சுவது ஒரே வரி: ‘தளி குட்டி இங்கிலாந்து என்று அழைக்கப்படுகிறது.’ பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், ஒரு வருஷம்.

அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்னொரு கட்டுரையைக் காட்டுகிறது. அது மூன்றாவது ஒன்றை. மூன்றாவது ஏதோ ஒரு சுற்றுலா இணையதளத்தை. இணையதளம் யாரையும் காட்டுவதில்லை. அப்படி அழைத்த வெள்ளைக்காரன் யார், எந்தக் குறிப்பில் எழுதினான்? 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் கெஜட்டியரையாவது ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் இல்லையா? கேட்டால், ‘சேலம் வேற மாவட்டம் சார்’ என்று பதில் வருகிறது. 1965 வரை நாம் சேலம், பிறகு தருமபுரி, 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம். இது தெரியாத பிள்ளை பழைய ஆவணத்தை எந்த அலமாரியில் தேடும்?

முன்னுரை என்ன செய்ய வேண்டும் என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990லேயே பிரித்துக் காட்டிவிட்டார். களத்தைக் காட்டு, அதில் விடுபட்டது எது என்று சொல், அதை நீ எப்படி நிரப்பப் போகிறாய் என்று சொல். நம்மவர்கள் முதல் படியிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். கேள்விக்கா பஞ்சம்? இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கொய்மலர் மையம் தளியிலேயே இருக்கிறது. அங்கே காட்டுகிற முறை கால் ஏக்கர் பாலிஹவுஸ்காரருக்குக் கட்டுப்படியாகிறதா? பிப்ரவரி 14 தாண்டியதும் ரோஜா விலை என்னவாகிறது? பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானை இறங்குகிற மாதங்களில் ராகி போட்டவர் என்ன செய்கிறார்? ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற ஒற்றை வரியில் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மேற்கோள் பட்டியல் இதைவிடக் கொடுமை. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அது கணினிக்குத் தெரியுமா? கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ‘முருகன் எஸ்’ என்று எழுதியவர் கட்டுரைக்குள் ‘எஸ் மற்றும் பிறர், 2019’ ஆகிவிடுகிறார். முருகன் வெறும் ‘எம்’ ஆகிப் பின்னால் நிற்கிறார். எழுதிய மாணவர் இதைக் கவனிப்பதில்லை. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்புப்படி காற்புள்ளி சரியா, சாய்வெழுத்து சரியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற கைடுக்கும் இது கண்ணில் படுவதில்லை.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டுதான். அச்சுப்பிழைகள் பட்டியலுக்குப் பட்டியல் அப்படியே தொற்றிப் போவதை வைத்து, மேற்கோள் காட்டுகிறவர்களில் சுமார் 20 சதவீதம் பேரே மூலத்தைப் படிக்கிறார்கள் என்று சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003இல் கணக்குப் போட்டார்கள். அப்போதாவது காப்பியடிக்க ஒரு கட்டுரை இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் எழுதப்படாத கட்டுரைக்கும் பக்க எண் கொடுக்கிறது. அதையும் அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன ஆகப் போகிறது? ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022இலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் ‘முப்பது ரெஃபரன்ஸாவது இருக்கணும்’ என்று சொல்கிற வாய் ஓயவில்லை. முப்பது கேட்டால் முப்பது வரத்தான் செய்யும், படித்தது மூன்றாக இருந்தாலும்.

கைடு அய்யாமார்களே, அம்மாமார்களே, உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். கையெழுத்துப் போடும் முன் பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, ‘இதைத் திற, நீ சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு’ என்று கேளுங்கள். காட்டினால் அனுப்புங்கள். காட்டாவிட்டால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.