ஒற்றை இலக்க அரசன்

சென்ற மாதம் பிள்ளைகளின் திரை நேரம் பற்றி எழுதியதற்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எந்த கேம் பரவாயில்லை? பெயரைச் சொல்லுங்கோ." பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறு மாதத்தில் பட்டியல் பழசாகிவிடும், பிள்ளையும் வேறொன்றுக்குத் தாவியிருக்கும். அதனால் இந்த முறை ஒரே ஒரு கேம் வரிசை. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடுவது, பக்கத்தில் இருந்து நான் பார்த்தது. பெயர் 'ரொமான்ஸ் ஆஃப் த த்ரீ கிங்டம்ஸ்'.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இங்கே ரொமான்ஸ் என்றால் பழைய வீரகதை. சுடுவதும் வெட்டுவதும் ரத்தம் தெறிப்பதும் பார்க்கலாம் என்று போனால் ஏமாந்துதான் வருவீர்கள். முதல் தடவை மகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது அவன் ஒரு ஊரின் தானிய இருப்பை எண்ணிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழித்தும் அதே வேலைதான். "என்னடா, எப்ப சண்டை?" என்று கேட்டால், "அறுவடை முடியட்டும் அம்மா, இப்ப போனா படைக்குச் சாப்பாடு காணாது" என்கிறான். வீட்டில் அரிசி இருக்கா இல்லையா என்று ஒருநாளும் கேட்டறியாத பிள்ளை!

இந்த வரிசையின் வயது நம்மில் பலருடைய வயதுதான். முதல் பாகம் 1985-இல் ஜப்பானில் வந்தது. செய்தது கோயெய் என்ற கம்பெனி. 1978-இல் ஆஷிகாகா என்ற ஊரில் சாயப் பொருள் வியாபாரமாகத் தொடங்கியது அது. முதலாளி யோஇச்சி எரிகாவாவுக்கு 1980-இல் அவருடைய மனைவி கெய்கோ பிறந்தநாள் பரிசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார், அதற்குப் பிறகு சாயம் பின்னுக்குப் போய் கேம் முன்னுக்கு வந்துவிட்டது. கோ ஷிபுசாவா என்ற புனைபெயரில் அவர் தொடங்கிய வரிசையின் 14-ஆம் பாகம் 2020-இல் வந்தது. 8-ஆம் பாகத்தைப் புதுப்பித்து 2024-இல் மறுபடியும் விட்டார்கள்.

கதை சீனாவுடையது. நானூறு வருடமளவு ஆண்ட ஹான் பேரரசு கி.பி. 184-இல் ஒரு பெரிய குடியானவர் கலகத்தில் ஆட்டம் காண்கிறது. தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் மூன்று அரசுகள் நிலைக்கின்றன. வடக்கில் சாவ் சாவ் கட்டிய வெய், தென்மேற்கில் லியூ பெய்யின் ஷூ, தென்கிழக்கில் சுன் சுவானின் வூ. 280-இல் மூன்றும் போய் ஜின் என்ற ஒரே பேரரசு வருகிறது. ஏறத்தாழ நூறு வருடக் கதை. அதில் எங்கே தொடங்குவது, யாராக ஆடுவது என்பது பிள்ளையின் விருப்பம். (சாவ் சாவ் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து என் மகன் ஒரு வருடம் "கவ் கவ்" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெரிய வில்லனை மாடாக்கிவிட்டான்.)

இந்த கேமின் உயிர் நிலத்தில் இல்லை, ஆட்களில் இருக்கிறது. 14-ஆம் பாகத்தில் மட்டும் 1000 பேர். ஒவ்வொருவருக்கும் முகம், பெயர், பிறந்த வருடம், கூடவே எண்கள். தலைமை, வீரம், அறிவு, நிர்வாகம், வசீகரம் என்று ஐந்து பாடத்துக்கு மார்க்ஸ் போட்ட ரிப்போர்ட் கார்ட் மாதிரி. வீரத்தில் 100 லூ பு. அறிவில் 100 சூகே லியாங். 97 எடுத்த பிள்ளையிடம் மிச்ச 3 எங்கே என்று கேட்டு வளர்த்த பரம்பரை நம்முடையது, ஆகவே இந்தத் திரை நமக்குக் கெதியாகவே விளங்கிவிடும்.

இதைவிடச் சுவாரசியமானது விசுவாசம் என்ற எண். ஒரு நல்ல தளபதியைக் கவனிக்காமல் விட்டால் அது கீழே இறங்கும். பரிசு கொடுக்கவில்லை, பதவி கொடுக்கவில்லை என்றால், ஒருநாள் எதிரி ஆள் அனுப்பி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எண் இருக்கிறது. 0 முதல் 149 வரை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆளுக்கொரு இடம். இரண்டு பேர் வட்டத்தில் கிட்டக் கிட்ட இருந்தால் மனசு ஒத்துப்போகும். தூரமென்றால் எவ்வளவு பொன் கொட்டினாலும் ஒட்டாது. சண்டையில் பிடிபட்ட தளபதி உங்கள் முன் நிற்கும்போது மூன்று வழி: சேர்த்துக்கொள்ளலாம், விட்டுவிடலாம், தலையை எடுக்கலாம். லியூ பெய்யோடு சகோதர சபதம் செய்த குவான் யூவும் ஜாங் ஃபெய்யும் என்ன கொடுத்தாலும் உங்கள் பக்கம் வர மாட்டார்கள். அப்போது என்ன செய்கிறான் என்று பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நான் பார்த்த வரையில் அந்த இடத்தில்தான் அவன் அதிக நேரம் யோசிக்கிறான்.

சரி, இந்த எண்களை யார் போட்டது? கம்பெனிக்காரர்தான். ஆனால் அவர்களும் சும்மா போடவில்லை. இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாறு. மற்றது, 14-ஆம் நூற்றாண்டில் லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படும் நாவல், 120 அத்தியாயம். வரலாற்றில் சாவ் சாவ் பெரிய நிர்வாகி, கவிஞர். நாவலில் அவர் யாரையும் நம்பாத சூழ்ச்சிக்காரர், லியூ பெய் நல்லவர். ஆயிரத்துச் சொச்சம் வருடமாக நாடகக்காரரும் கதைசொல்லிகளும் போட்ட தீர்ப்புகள் கடைசியில் ஒரு திரையில் இரண்டு இலக்க எண்ணாக வந்து நிற்கின்றன. பிள்ளைக்கு அது கணக்கு மாதிரி, மறுபேச்சில்லாத உண்மையாகத் தெரியும். இந்த கேமைப் பற்றி நமக்கும் பிள்ளைக்கும் கதைக்க ஏதாவது இருக்கிறதென்றால் அது இந்த இடம்தான். எனக்குக் கிடைத்த ஆள் லியூ ஷான்.

லியூ பெய்யின் மகன். 207-இல் பிறந்தவர். அடுத்த வருடம் சாங்பான் என்ற இடத்தில் தகப்பனின் படை சிதறி ஓடியபோது, ஜாவ் யுன் என்ற வீரர் கைக்குழந்தையான இவரைச் சுமந்துகொண்டு தப்பி வந்தார். நாவல் இதற்கு மேலே ஒருபடி போகிறது. குழந்தையை வாங்கிய லியூ பெய், உனக்காக ஒரு நல்ல தளபதியை இழக்கப் பார்த்தேனே என்று தூக்கி நிலத்தில் போட்டாராம். அப்படிக் காப்பாற்றப்பட்ட பிள்ளை 223-இல் ஷூவின் அரசரானார். 40 வருடம் இருந்தார். மூன்று அரசுகளிலும் பேரரசர் பட்டத்தோடு இவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் கேமில் இவருடைய எண்களைப் பாருங்கள். வீரம், அறிவு இரண்டும் பல பாகங்களில் ஒற்றை இலக்கம்.

ஏன் என்றால் முடிவு அப்படி. 263-இல் வெய் படை மலை வழியாக வந்து தலைநகர் செங்டுவை நெருங்கியது. சரணடைவதே நல்லது என்றார் சியாவ் ஜோ என்ற அறிஞர். அரசர் கேட்டுக்கொண்டார். மகன்களில் ஒருவர் அதை ஏற்காமல், குடும்பத்தோடு உயிரை விட்டார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பதில். லியூ ஷானை வடக்கே லோயாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே ஒரு விருந்து. வெய்யை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த சிமா ஜாவ், வேண்டுமென்றே ஷூ நாட்டு இசையைப் போடச் சொல்கிறார். ஷூவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கண் கலங்குகிறார்கள். லியூ ஷான் மட்டும் சிரித்துக்கொண்டு இருக்கிறார். ஊர் ஞாபகம் வரவில்லையா என்று சிமா ஜாவ் கேட்க, இங்கே சந்தோசமாக இருக்கிறேன், ஷூவை நினைப்பதில்லை என்கிறார். கூட வந்த ஸி ஜெங் என்ற அதிகாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனியாகக் கூப்பிட்டு, அடுத்த முறை கேட்டால் அழுதுகொண்டு, முன்னோர் சமாதி தூரத்தில் இருக்கிறது, ஒருநாளும் நினைக்காமல் இருந்ததில்லை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று பாடம் சொல்லிக்கொடுக்கிறார். அதேபோல் மறுபடி கேள்வி வருகிறது. லியூ ஷான் அப்படியே ஒப்பிக்கிறார். இது ஸி ஜெங் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்கிறார் சிமா ஜாவ். உடனே கண்ணைத் திறந்து, ஓம், அவர்தான் சொல்லித் தந்தார் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். சபையே சிரிக்கிறது.

நூறு வருடமளவு கழித்து எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூல் வழியாக இந்தக் கதை நமக்கு வருகிறது. சீன மொழியில் இது நான்கு எழுத்துச் சொலவடையாகவே ஆகிவிட்டது: 'லெ பு ஸி ஷூ', அதாவது சந்தோசத்தில் ஷூவை நினையாதவன். போன இடத்தில் இன்பமாக இருந்து வீட்டை மறந்தவனை அப்படிச் சொல்வார்கள்.

இந்தக் கதையை வாசித்தபோது எனக்கு லியூ ஷானைவிட ஸி ஜெங் மேலதான் கண் போனது. அவர் வேறு யாருமில்லை, நாம்தான். அம்மம்மா வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள் வைத்து, "ஊர் ஞாபகம் வாறேல்லையோ எண்டு கேட்டா, 'ஓம், நல்லா வருது' எண்டு சொல்லு" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆட்கள். பிள்ளை ஊருக்குப் போனதே இரண்டு தரம், இரண்டும் மூன்று மூன்று கிழமை. அதற்கு ஞாபகம் வருவது நுளம்பும் ஒரு ஆட்டுக்குட்டியும். நாமே இங்கே பிறந்தவர்கள், இல்லை கைக்குழந்தையாக வந்தவர்கள். நம்மிடம் இருக்கும் ஊரும் பாதி, யாரோ சொல்லித் தந்ததுதான். கேட்கிற அம்மம்மாவுக்கு அது முழுசாக இழந்த ஊர். அந்தக் கேள்விக்கு "இங்க நல்லா இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அவருக்கு வலிக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை சொன்னதும் உண்மை. அதை மறதி என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி.

லியூ ஷானுக்கு அறிவில் குறைந்தது 60 போடலாம் என்று மகனிடம் வாதாடினேன். நாட்டை இழந்த அரசன், எதிரியின் சபையில், பழைய நாட்டை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் உயிரோடு விடுவார்களா? முட்டாள் மாதிரிச் சிரித்ததால்தான் 'அமைதியும் மகிழ்ச்சியும்' என்று பொருள்படும் பட்டத்தோடு 271 வரை நிம்மதியாக வாழ்ந்து முடித்தார். சரணடைந்ததால் செங்டு மக்கள் ஒரு முற்றுகையிலிருந்து தப்பினார்கள்.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா, ஜியாங் வெய் உதவிப்படை கேட்டு எழுதினாரே, அதை என்ன செய்தவர்?" என்றான். அதுவும் சரிதான். ஹுவாங் ஹாவ் என்ற அரண்மனை அலுவலரின் பேச்சைக் கேட்டு, எல்லையில் இருந்த தளபதியின் எச்சரிக்கையைப் போட்டுவைத்தவர் இவர். "சரணடைந்தது புத்தியா இருக்கலாம். ஆனா அந்த நிலைமைக்கு வந்ததே அவராலதானே?" கடைசியில் அவன் 30 வரை வந்தான், அதற்கு மேல் அசையவில்லை. சென் ஷோவையும் இழுத்துப் பார்த்தேன். அந்த வரலாற்றாசிரியரே ஷூவில் பிறந்தவர், சரணடையச் சொன்ன சியாவ் ஜோவின் மாணவர், பிறகு ஜின் அரசில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். "அப்ப அவர் எழுதினதை எவ்வளவு நம்பலாம்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். பதின்மூன்று வயது.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. இவர்கள் ஒரு பாகத்தை விற்றுவிட்டு, பிறகு 'பவர் அப் கிட்' என்று மேலதிகப் பகுதியைத் தனியாக விற்பது வழக்கம். இரண்டையும் சேர்த்தால் விலை கை கடிக்கும், ஆகவே கழிவு வரும் வரை பொறுங்கள். போனில் இதே ஆட்களை வைத்து 'இலவசம்' என்று வரும் பல கேம்கள் வேறு சாதி. அங்கே நல்ல தளபதி வேண்டுமென்றால் சீட்டு இழுக்கிற மாதிரிக் காசு போட்டு இழுக்க வேண்டும், அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். 'டைனஸ்டி வாரியர்ஸ்' இதே கம்பெனி, இதே ஆட்கள், ஆனால் அது முழுக்க வெட்டுக் குத்து. ஒரு ஆட்டம் முடிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், நேரத்தை மணியாகப் பேசாமல் "இன்னும் இரண்டு மாதம் ஆடிவிட்டு நிப்பாட்டு" என்று கேமின் மாதக் கணக்கில் பேசுவது எங்கள் வீட்டில் சண்டையைக் குறைத்தது.

புதிதாகத் தொடங்க 8-ஆம் பாகத்தின் 2024 பதிப்பைச் சொல்வேன். அதில் அரசராகத்தான் ஆட வேண்டும் என்றில்லை, ஒரு சாதாரண அதிகாரியாகவும் இருக்கலாம், நட்பு தேடலாம், கல்யாணம் செய்யலாம், தலைவர் பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம். லியூ ஷானையும் தெரிந்தெடுக்கலாம். மகன் இப்போது அவரை வைத்து ஆடுகிறான், ஹுவாங் ஹாவின் பேச்சை இன்னும் கேட்கவில்லை.