வாய்பாட்டைத் தட்டிப் பாருங்கள்!

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் ஏந்தி, மறுகையின் விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்று ஒலித்தால் அது நல்ல பானை. மழுங்கலாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறையைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. விற்பவர் சொல்லை மட்டும் நம்பிப் பாட்டி காசை எடுப்பதில்லை.

மாணவ நண்பர்களே, வேதியியல் படிக்கும் நாம் மட்டும் ஏன் தட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறோம்?

ஓர் எடுத்துக்காட்டு. பாஸ்பரஸ் தாராளமான காற்றில் எரிந்தால் கிடைக்கும் வெண்புகை என்ன? “பாஸ்பரஸ் பெண்டாக்சைடு, பி டூ ஓ ஃபைவ்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் 2 பாஸ்பரஸ் அணுக்களும் 5 ஆக்சிஜன் அணுக்களும் மட்டும் சேர்ந்த மூலக்கூறு அந்தப் புகையில் இருக்கிறதா? இல்லை! அந்த வாய்பாடு அணுக்களின் எளிய விகிதத்தை மட்டுமே சொல்கிறது. இப்பொருளின் ஆவியடர்த்தியை அளந்தால், மூலக்கூறு எடை 142 அன்று, அதன் இருமடங்கான 284 என்று தெரியவருகிறது. அதாவது, ஒரு மூலக்கூறில் 4 பாஸ்பரஸ், 10 ஆக்சிஜன்.

சரி, இந்த 14 அணுக்களும் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன? எடை அதைச் சொல்லாது. மூலக்கூறைத் தட்டித்தான் பார்க்க வேண்டும். விரலால் முடியாததை ஒளியால் செய்யலாம். அதற்கு வழி காட்டியவர், 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன்.

ஒரே நிற ஒளியை ஒரு பொருளின் மீது பாய்ச்சினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி நிறம் மாறாமல் வரும். கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறை அதிரவைக்கத் தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்த ஒளி அது. எவ்வளவு கொடுத்தது என்று அளந்தால், மூலக்கூறு எந்தச் சுருதியில் அதிர்கிறது என்பது தெரிந்துவிடும். மிருதங்கத்தின் நாதத்தையும் ஆராய்ந்தவரான இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28 அன்று இவ்விளைவை உறுதி செய்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி நம் பாஸ்பரஸுக்கு வருவோம். ஆறு ஈர்க்குச்சிகளையும் நான்கு களிமண் உருண்டைகளையும் கொண்டு ஒரு நான்முகி செய்யுங்கள். மூலைகளில் உள்ள உருண்டைகள் பாஸ்பரஸ். ஒவ்வொரு குச்சியின் நடுவிலும், சற்றே வெளியே தள்ளி, பாலம் போல ஓர் ஆக்சிஜன். காற்று குறைவாக இருக்கும்போது உண்டாகும் ஆக்சைடு இதுதான்: 4 பாஸ்பரஸ், 6 ஆக்சிஜன். இப்போது ஒவ்வொரு மூலைக்கும் வெளிப்புறமாக ஓர் ஆக்சிஜனை ஒட்டுங்கள். மொத்தம் பத்து ஆயிற்று அல்லவா?

இந்த நுனி ஆக்சிஜன்களின் பிணைப்பு, பாலங்களில் உள்ள பிணைப்பைவிடக் குட்டையானது, வலுவானது. இறுக முறுக்கிய தந்தி உயர்ந்த சுருதியில் ஒலிப்பதுபோல் இதுவும் விரைந்து அதிர்கிறது. ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையை அலை எண் என்கிறோம். நுனிப் பிணைப்பின் அதிர்வு, இராமன் நிறமாலையில் ஏறத்தாழ 1400 என்னும் அலை எண்ணை ஒட்டிக் கோடாகத் தெரிகிறது. நுனி ஆக்சிஜனே இல்லாத முதல் ஆக்சைடில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது!

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒளியின் அலை எண் சுமார் 18,800. அதில் 1400-ஐக் கழித்தால் 17,400. அதன் அலைநீளம் ஏறத்தாழ 575 நானோமீட்டர். பச்சையாகப் போன ஒளி மஞ்சளாகத் திரும்புகிறது!

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பாஸ்பரஸ் பெண்டாக்சைடு காற்றின் ஈரத்தை வெறியோடு உறிஞ்சி அமிலமாகிவிடும். இராமன் முறையில் அதை வாய் மூடி உருக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தே ஆராயலாம். கண்ணுக்குப் புலப்படும் ஒளி கண்ணாடியைக் கடந்து போய் வந்துவிடும்.

“பள்ளி மாணவனுக்கு இவ்வளவு எதற்கு? பாடச்சுமை போதாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்வதுதான் சுமை என்பது என் கருத்து. பழைய வாய்பாடு பிழை என்று நான் சொல்லவில்லை. சமன்பாட்டைச் சரிசெய்ய அது போதும். அணுக்கள் முடிவின்றித் தொடர்ந்து பிணைந்திருக்கும் வேறு சில திண்ம வடிவங்களுக்கு அந்த விகிதமே பொருத்தமானது. ஆனால் விகிதத்தை மூலக்கூறின் படமாக நினைத்துக்கொள்வது தவறு. அந்தத் தவறைச் சுட்டிக்காட்டாத பாடம் அரைப் பாடமே.

1987 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். இராமன் படத்துக்கு மாலை போடுகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். நல்லதுதான். ஆனால் அவர் கண்ட கோடுகளில் ஒன்றையாவது நம் மாணவர்கள் பார்த்ததுண்டா? இராமன் நிறமாலைமானி பள்ளிகளில் இல்லாமல் இருக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அறிவியல் நாளன்று ஆசிரியருடன் சென்று, ஒரு கோட்டையாவது காட்டும்படி கேளுங்கள். பாடநூல் எழுதுவோரும் ஒவ்வொரு முக்கிய வாய்பாட்டின் கீழும் “இது எப்படித் தெரிந்தது?” என்று இரண்டு வரி சேர்க்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளை வகுப்பில் கரும்பலகையில் ஒரு வாய்பாடு எழுதப்படும்போது, பணிவோடு எழுந்து “ஐயா, இது எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். பானையைத் தட்டிப் பார்த்த பாட்டி கேட்டதும் அதே கேள்விதான்.