பழைய நாடகமும் பழைய படமும்

சங்கக் கட்டடத்தில் பழைய படம் போட்டால் இளந்தொழிலாளிகள் சிரிக்கிறார்கள். நடிகர் உச்சக் குரலில் பாடுகிறார். நின்ற இடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார். அழவேண்டிய இடத்திலும் ஒரு பாட்டு வருகிறது. சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பெரியவர்களோ, "அந்தக் காலம் போல வருமா?" என்று இன்றைய படங்கள் அத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் பார்க்கிற முறை அல்ல என்பது நமது கருத்து.

அந்த உச்சக் குரல் எங்கிருந்து வந்தது? ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவன் காதில் விழாத பாட்டுக்கு மறுநாள் கூட்டம் கிடையாது. தறிக் கூடத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளி வெளியே வந்த பிறகும் உரக்கத்தான் பேசுகிறார். அதைக் கேட்டு நாம் சிரிப்பதில்லையே! 1931-ல் 'காளிதாஸ்' வந்து படம் பேசத் தொடங்கியபோது, மேடைக் கலைஞர்களே படத்துக்குள் போனார்கள். மேடையின் தொண்டையையும் கூடவே கொண்டுபோனார்கள். நடித்துக்கொண்டே பாடவேண்டும், மைக்கை விட்டு விலகினால் குரல் பதியாது. அதனால்தான் அந்த நிற்பு.

நாடகத்துக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. தினைப்புனத்தில் குருவி விரட்டும் பெண்ணையும் முருகனையும் பற்றிய கதையில் பாட்டாளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் விஸ்வநாததாஸை நினைத்துப் பார்க்கவேண்டும். 1886-ல் சிவகாசியில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். சாதியைச் சொல்லி அவரோடு மேடையேற மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர் இதே புராணக் கதைக்குள் வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கிப் பாடினார். ஜனங்களுக்குப் புரிந்தது, போலீசுக்கும் புரிந்தது. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. கதை புராணமா, சமூகமா என்று மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இந்த மனிதரை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அன்றைய சர்க்காரின் கையில் 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் இருந்தது. அவுரி பயிரிடச் சொல்லி வங்காள விவசாயிகளை வதைத்த துரைமார்களைப் பற்றி 'நீலதர்ப்பணம்' என்ற நாடகம் மேடையேறிய பிறகு வந்த சட்டம் அது. சுதந்திரம் வந்ததும் அது செத்ததா? இல்லை. 1954-ல் சென்னை ராஜ்யத்தில் நம்மவர்களே புதிதாக ஒரு நாடகச் சட்டம் போட்டார்கள். எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்கத்தான் அது வந்தது என்று பேசப்பட்டது. அதன் முக்கியப் பிரிவுகளை சென்னை உயர்நீதிமன்றம் 2013-ல்தான் ரத்து செய்தது. 1876-ம் வருஷத்துச் சட்டமோ 2018 வரை ஏட்டில் உயிரோடு இருந்தது. நாடகம் வெறும் பொழுதுபோக்கு என்றால் இவ்வளவு பயம் எதற்கு?

இதனால் பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்லவில்லை. கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' (1939) தடை செய்யப்பட்ட படம். கணவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் ஒரு பெண் சொல்கிறாள். அந்தக் காலத்தில் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அதில் சேரி ஜனங்கள் சாஸ்திரியாரின் கருணையைப் பெறுகிறவர்களாகவே வருகிறார்கள். பாராட்டவேண்டியதைப் பாராட்டி, குறையையும் சொல்லிப் பார்ப்பதே படத்துக்கு நாம் தரும் மரியாதை.

தொழிலாளியையும் தொழிற்சங்கத்தையும் நடுவில் வைத்துத் தமிழில் வந்த படம், நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960). முதலாளி ஒருவரின் பணத்தில் அல்ல, பலர் பங்கு போட்டு எடுத்த படம். வசூலில் தோற்றது. நம்மவர்கள் எடுத்தது என்பதற்காக அதைப் புகழவேண்டியதில்லை, எம்.பி. சீனிவாசன் இசையமைத்த பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சிரிப்பதற்காவது படம் இருக்கவேண்டுமே! 'காளிதாஸி'ன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். அதில் கொஞ்சம் வெள்ளியும் உண்டு. ஓடி முடிந்த படங்களை வெள்ளிக்காகக் கழுவி விற்றார்கள். புனாவில் மத்திய அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததே 1964-ல்தான்.

சங்கங்கள் மாதம் ஒரு பழைய படமாவது போடட்டும். திரையிடுமுன், அதை முதல் முறை கொட்டகையில் பார்த்த முதியவர் யாராவது இருந்தால் பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் சிரித்த இளைஞர்களைப் பேசவிடுங்கள். கிராமத்துத் தோழர்கள் இந்தத் திருவிழாவில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்வரை எழுந்துபோகாமல் உட்காருங்கள். பேசிய சம்பளம் நடிகர்கள் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று விடியற்காலையில் விழாக் கமிட்டியாரைக் கேளுங்கள்.