இரவுக்கும் வேலியா?

"நடந்தா வந்தாய்? வண்டியிலா வந்தாய்?"

நள்ளிரவில் வீடு திரும்பும் மகளை நோக்கி வீட்டார் வீசும் முதற் கேள்வி இது. நடந்து வந்தேன் என்றால், "இந்த வேளையில் தனியாக நடப்பதா? அறிவிருக்கிறதா உனக்கு?" என்று சீற்றம். டாக்சியில் வந்தேன் என்றால், "முன்பின் அறியாதவன் வண்டியில், அதுவும் தனியாகவா?" என்று நடுக்கம். எந்த விடை தந்தாலும் குற்றம்! ஒரு விடை தவறென்றால் மாணவரைத் திருத்தலாம். எல்லா விடையும் தவறென்றால், திருத்த வேண்டியது வினாத்தாளையல்லவா? ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை.

அதே வீட்டு மகன், இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, தேநீர்க் கடையில் நண்பர்களோடு நாட்டு நடப்பை அலசிவிட்டு, ஒன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறான். எதில் வந்தாய் என்று அவனை எவரும் கேட்பதில்லை. "சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரே தெரு, ஒரே இரவு, ஒரே வீடு. அவனுக்குச் சோறு காத்திருக்கிறது. அவளுக்கு விசாரணை மன்றம் கூடியிருக்கிறது!

இருள் என்ன, ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என இரண்டாகப் பிரிந்தா கவிகிறது? இல்லை. எழுதப்படாத சட்டம் ஒன்று இங்கே ஆட்சி புரிகிறது. அதன் விதிகள் மூன்று. பணமுள்ளவன் வண்டியில் வருவான். பணமில்லாதவன் நடந்து வருவான். பெண்ணாய்ப் பிறந்தவள் போகவே மாட்டாள்! எந்தச் சட்டமன்றமும் இயற்றாத சட்டம் இது. ஆனால், இயற்றிய சட்டங்கள் பலவற்றைவிட ஒழுங்காக நிறைவேறி வருவதும் இதுதான்!

முன்பெல்லாம் இந்தச் சட்டத்துக்குக் காவலனாகப் பேய் இருந்தது. புளியமரத்தில் மோகினி, சுடுகாட்டு மேட்டில் கொள்ளிவாய், ஆற்றங்கரையில் முனி! பேயுமில்லை, முனியுமில்லை என்று மேடை தோறும் முழங்கினோம், பெரும்பாலும் வென்றோம். இன்று பேயை நம்புகிறவனைப் பள்ளிச் சிறுவனும் எள்ளி நகையாடுகிறான். ஆனால், தோழர்களே, பேய் போயிற்றே, பெண்ணுக்கு இரவு கிடைத்ததா? இல்லையே! பேய் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்பது அதன் புதுப் பெயர். புளியமரத்திலிருந்து இறங்கி, படித்தவர் நாவில் ஏறி அமர்ந்துகொண்டது. முன்பு அது கால் இல்லாமல் நடந்தது. இன்று பட்டம் பெற்று நடக்கிறது!

"கற்பனைப் பேயும் கண்கண்ட கயவனும் ஒன்றா? ஏடுகளில் வரும் செய்திகள் பொய்யா?" என்று கேட்பர் பெரியவர்கள். பொய்யல்ல. அந்த ஏடுகளையே புரட்டிப் பார்ப்போம், வாருங்கள். நீங்கள் அருளும் அறிவுரை நிற்கிறதா, வீழ்கிறதா என்று காண்போம்.

"வண்டியில் வா, அச்சமில்லை" என்கிறீர்கள். 2012 டிசம்பர் 16. டில்லி சாகேத்தில் திரைப்படம் பார்த்துவிட்டு, நண்பரோடு திரும்பிய 23 வயது மாணவி, முனிர்க்காவில் ஒரு தனியார் பேருந்தில் ஏறினார். ஏறியது வண்டியில்தான், உடன் வந்தது ஆண் துணைதான். பதின்மூன்றாம் நாள் அவர் உயிர் பிரிந்தது. 2014 டிசம்பர் 5. குர்கானிலிருந்து டில்லிக்குத் திரும்பிய பெண், கைப்பேசிச் செயலி வழியே அழைத்த டாக்சியின் ஓட்டுநராலேயே வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு அவன் தண்டனை பெற்றது 2015 இல். நம் நாட்டில்தான் இப்படி என்பீரோ? இலண்டன் நகரத்துக் கறுப்பு டாக்சி உலகப் புகழ் பெற்றது. அதன் ஓட்டுநன் ஒருவன், இரவில் வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்துச் சீரழித்தான் என்று 2009 இல் தீர்ப்பாயிற்று. முறையிட்ட பெண்களைக் காவல்துறை முதலில் நம்பவில்லை. விசாரணையில் நேர்ந்த தவறுகளுக்குக் காவல்துறையே பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 இல் உரைக்க வேண்டியதாயிற்று.

"அப்படியானால் வெளிச்சமான பெருவழியில், நல்ல வேளையில் நடந்து வா" என்பீர்கள். 2021 மார்ச் 3. அதே இலண்டன். கிளாப்பத்திலிருந்து பிரிக்ஸ்டன் நோக்கி ஒரு 33 வயதுப் பெண் நடந்தார். மணி இரவு ஒன்பதரை. பெருஞ்சாலை. கண்ணில் படும் வண்ண உடை. வழியில் நண்பரோடு தொலைபேசியில் பேச்சு. அறிவுரைக் கொத்தில் உள்ள அத்தனையும் அவரிடம் இருந்தன! அவரைப் பிடித்துச் சென்று கொன்றவன் யார்? இருளில் பதுங்கிய திருடனா? இல்லை. அடையாள அட்டையைக் காட்டி நிறுத்திய காவல்துறை அதிகாரி!

"அப்படியானால் வெளியே போகாதே, கட்டடத்துக்குள் இரு" என்பீர்கள். 2024 ஆகஸ்ட் 9. கல்கத்தா மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர் கொலையுண்டு கிடந்தார். அவர் தெருவில் நடக்கவில்லை, டாக்சியில் ஏறவில்லை. நோயாளிகளைக் காக்க நான்கு சுவருக்குள் இருந்தார்.

இப்போது கூட்டிப் பாருங்கள் கணக்கை! வண்டியில் சென்றவர் மாண்டார், நடந்தவர் மாண்டார், உள்ளே இருந்தவரும் மாண்டார். குற்றம் வண்டியிலுமில்லை, நடையிலுமில்லை, நேரத்திலுமில்லை. குற்றம் குற்றவாளியிடம் இருக்கிறது. அவனை ஊருக்குள் உலவவிட்டு, அவளை வீட்டுக்குள் பூட்டும் அறிவுக்கு அறிவென்றா பெயர்?

"எச்சரிக்கையே வேண்டாமென்கிறாயா?" என்று பாய்வர். அல்ல. கதவைத் தாழிடுவது எச்சரிக்கை; தாழிடுகிறோம். ஆனால், கொள்ளை போன வீட்டுக்காரனிடம், "ஏன் வீடு கட்டினாய்?" என்று எந்தக் காவல் நிலையமும் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும், "ஏன் வெளியே போனாய்?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். எச்சரிக்கை, போகும் வழிக்குத் துணையாக இருக்கட்டும். வழியையே அடைக்கும் சுவராக வேண்டாம்.

இங்கிலாந்தில், 1977 இல், கொலைகாரன் ஒருவன் யார்க்ஷயர் வட்டாரத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். இரவில் வெளியே வராதீர் என்று பெண்களுக்குக் காவல்துறை புத்தி புகட்டிற்று. பெண்கள் வெகுண்டனர். கொல்பவன் ஆண்; ஊரடங்கு பெண்ணுக்கா என்று கேட்டனர். அவ்வாண்டு நவம்பர் 12 இரவு, லீட்ஸ் முதலான நகரங்களில் தீப்பந்தம் ஏந்தித் தெருவை மீட்க நடந்தனர். கேரளத்தில், 2019 டிசம்பர் 29 இரவு 11 மணி முதல் 1 மணி வரை, பொது இடம் என்னுடையதுமாகும் என்று பெண்கள் நடந்தனர். அந்நடைக்கு ஏற்பாடு செய்தது மாநில அரசு. 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், வங்கத்துத் தெருக்களைப் பெண்கள் நிறைத்தனர். அச்சம் போன பின் நடந்தவர்களல்லர் இவர்கள். நடந்து நடந்து அச்சத்தைப் போக்க முனைந்தவர்கள்!

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்ணைத் தொழிற்சாலையில் வேலை வாங்கலாகாது என்றது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அது சமத்துவத்துக்கு மாறானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 இல் நீக்கிற்று; பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிபந்தனைகள் விதித்தது. நன்று. ஆலைக்கு ஆள் வேண்டுமென்றதும் இரவின் கதவு திறந்தது! ஆனால், பாட்டு கேட்க, நாடகம் பார்க்க, தோழியோடு கடற்கரையில் காற்று வாங்க, சும்மா சிரித்துப் பேசிவிட்டு வர என்று ஒருத்தி புறப்பட்டால்? உழைப்புக்குச் சென்றவளுக்கு ஊர்தி. உவகைக்குச் சென்றவளுக்கு ஏச்சு! பெண் இரவில் உழைக்கலாம், மகிழலாகாது என்பதுதானே இதன் பொருள்? மாட்டுக்கும் இதே உரிமைதானே இருக்கிறது!

இனி, பணத்தின் பக்கம் திரும்புவோம். "டாக்சி பிடித்து வந்தால் என்ன?" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டோவுக்கு 2013 ஆகஸ்ட்டில் தமிழக அரசு கட்டணம் வகுத்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இரவு 11 முதல் காலை 5 வரை பாதிக் கட்டணம் கூடுதல். பத்துக் கிலோமீட்டர் போக அந்தக் கணக்கிலேயே ஏறத்தாழ 185 ரூபாய் ஆகிறது. அதுவும் மீட்டர் விழித்திருந்தால்! செயலி டாக்சியோ, தேவை மிகும்போது விலையை ஏற்றும். அந்த ஏற்றத்துக்கு ஒன்றரை மடங்கு எல்லை வகுத்தன ஒன்றிய அரசின் 2020 ஆம் ஆண்டு நெறிமுறைகள். 2025 இல் அந்த எல்லையே இரண்டு மடங்காயிற்று. மழை பெய்தால், கடைசிப் பேருந்து போய்விட்டால், அச்சம் மிகுந்தால் விலை கூடும்! அச்சத்துக்கும் அங்காடியில் விலை வைத்துவிட்டார்கள்.

நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறும் ஓர் உணவகப் பணிப்பெண்ணை எண்ணிப் பாருங்கள். பாத்திரம் கழுவி முடிக்க இரவு பதினொன்று. குடியிருப்பதோ கண்ணகி நகரில் அல்லது பெரும்பாக்கத்தில். நகரின் நடுவே கூவக் கரையில் குடியிருந்தோரைப் பெயர்த்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார்களே, அங்கே! மெட்ரோ இரயில் பதினொரு மணியோடு உறங்கிவிடுகிறது. இரவுப் பேருந்து சில தடங்களில்தான். அதுவும் நெடுநேரம் காத்திருந்தால். பத்துக் கிலோமீட்டர் ஆட்டோவுக்கே கூலியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகும். அவரிடம் போய் டாக்சி பிடி என்பது அறிவுரையா, ஏளனமா? 2021 மே திங்களில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது, வாழ்த்துகிறோம். விடியல் பயணம் என்று அதற்குப் பெயர், அழகிய பெயர். ஆனால், விடியும் வரை அவர் எங்கே நிற்பார்?

நடக்கலாமென்றால், நடைபாதை எங்கே? உணவுக் கடையும் மின்பெட்டியும் நிறுத்திய வண்டியும் போக மிஞ்சியதே நடைபாதை. மூடியில்லாச் சாக்கடை, எரியாத விளக்கு. 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த பாதசாரிகள் 32 ஆயிரத்துக்கு மேல். ஆக, நடப்பவரை வண்டி கொல்கிறது. வண்டி பிடிப்பவரைக் கட்டணம் கொல்கிறது!

ஓட்டுநரை நாம் பகைக்கவில்லை. நள்ளிரவில் கண் எரிய எரிய வண்டி ஓட்டுபவர், கடன் தவணைக்கும் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஓடுகிற தொழிலாளி. சிலர் செய்த கொடுமைக்காக அவர் இனத்தையே கயவராக்குவது, நாம் எதிர்க்கும் மூடத்தனத்தின் மற்றொரு வடிவம்.

இந்த அநீதியின் விலை என்ன? நாம் பணிபுரியும் பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. இரண்டு திங்கள் பாடுபட்டு நாடகம் பயிற்றியவர் ஓர் ஆசிரியை. விழா இரவு பத்துக்கு முடியும் என்றதும், "பெண் ஆசிரியைகள் ஆறு மணிக்கே புறப்படலாம்" என்று கனிவோடு அறிவித்தார்கள். கனிவுதான்! ஆனால் திரை உயர்ந்தபோது அவர் இல்லை. கைதட்டலைப் பெற்றவர்கள் ஆண்கள். இப்படி எத்தனை மேடை, எத்தனை பதவி, எத்தனை புகழ், "எப்படி வீடு போவாய்?" என்ற ஒரே கேள்வியில் பறிபோயிற்று! திறமையில் பின்தங்கியவர் பெண் என்று பிறகு புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தோற்றாள் என்று தீர்ப்புரைப்பதா?

பகுத்தறிவு பேசும் இளைஞர்காள்! உங்களையும் கேட்கிறோம். பெண்ணுரிமைக் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். ஆறு மணிக்கு என்று அறிவித்து ஏழரைக்குத் தொடங்கி, பத்துக்கு முடிக்கிறீர்கள். கேட்பவர் வரிசையில் பெண்கள் எத்தனை பேர்? உங்கள் தங்கை வந்தாளா? வந்தவர் எப்படித் திரும்புவார் என்று ஒருவராவது எண்ணினீர்களா? பெண்ணுரிமையைப் பெண் இல்லாத அவையில் முழங்குவது, நோயாளியை வெளியே நிறுத்திவிட்டு மருத்துவம் பார்ப்பது போன்றது.

செய்ய வேண்டுவன மலையைப் பெயர்க்கும் காரியங்களல்ல. குறித்த நேரத்தில் கூட்டத்தைத் தொடங்குங்கள். கடைசிப் பேருந்துக்கு முன் முடியுங்கள். தெருவில் எரியாத விளக்கை எண்ணி, மாநகராட்சிக்கு எழுதுங்கள். எரியும் வரை எழுதுங்கள். குடிபெயர்க்கப்பட்டோர் வாழும் பகுதிகளுக்கு விடிய விடியப் பேருந்து கேளுங்கள்; இருட்டிய பின் நிறுத்தத்தில் மட்டுமன்றி, இறங்குபவர் கேட்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். நடைபாதையை நடப்பவருக்கே ஆக்கச் சொல்லுங்கள். வீட்டில், தங்கை இரவு வந்து கதவைத் தட்டினால், எதில் வந்தாய் என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

வெறிச்சோடிய தெருதான் கயவனுக்கு வசதி. ஆளரவமுள்ள தெருவில் அவன் அஞ்சுவான். பெண்கள் ஒதுங்க ஒதுங்கத் தெரு வெறிச்சோடும். வெறிச்சோடச் சோட அச்சம் வளரும். அச்சம் வளர வளர மேலும் ஒதுங்குவர். இந்தச் செக்கைச் சுற்றுவதா, உடைப்பதா? பொதுவழி என்று பெயர் வைத்தோம்; பகலில் மட்டும் பொது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. நடப்பதா, வண்டியா என்பதை அவளே முடிவு செய்யட்டும், கால் வலியையும் கைப்பணத்தையும் எண்ணி! அச்சத்தை எண்ணியல்ல!