ஊர்ப் பேச்சும் நேரில் பார்த்ததும்

சரக்கைப் பார்க்காமல் விலை பேசுகிற பழக்கம் நம் வியாபாரிகளிடம் கிடையாது. மல்லி மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுப்போம். துவரம்பருப்பைக் கையில் அள்ளித் தேய்த்துப் பார்ப்போம். புளியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்போம். ஆனால் ஒரு ஊரைப் பற்றி மட்டும் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, மூட்டையைப் பிரிக்காமலே சொத்தைச் சரக்கு என்று தள்ளி விடுகிறோம். இதனால் நமக்கு ஏற்படும் நஷ்டம் கொஞ்சமல்ல. அதைப் பற்றி நமது சங்க இதழ் வாயிலாகச் சில வார்த்தைகள் சொல்வது நல்லது என்று நினைக்கிறோம்.

கல்கத்தாவையே எடுத்துக் கொள்வோம். 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று பெயர் மாறினாலும் நம் கடைத்தெருவில் இன்றும் அது கல்கத்தாதான். கொள்முதலுக்காக அங்கே போவதாகச் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாகப் பயமுறுத்துவார்கள். எந்த நேரமும் பந்த் நடக்கும், பையை அறுத்து விடுவார்கள், எடையில் ஏமாற்றுவார்கள், தெருவெல்லாம் குப்பை, நம் மொழி தெரிந்த நாதி கிடையாது என்பார்கள். இப்படிச் சொன்ன பத்துப் பேரில் எத்தனை பேர் அந்த ஊருக்குப் போனவர்கள் என்று கேட்டால் ஒருவரோ இருவரோதான் தேறுவார்கள். அவர்களும் போய் வந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

இந்தக் கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. 1943-ல் வங்காளப் பஞ்சம், 1946-ல் பெரும் கலவரம், 1947 பிரிவினையிலும் 1971 யுத்தத்திலும் லட்சக்கணக்கில் வந்து இறங்கிய அகதிகள், அதன்பின் ஆலை மூடல், வேலை நிறுத்தம், மின்வெட்டு என்று அந்த நகரம் பட்ட பாடு அதிகம். 1985-ல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியே அதைச் செத்துக் கொண்டிருக்கும் நகரம் என்று சொன்னார். அதே ஆண்டு பிரெஞ்சு எழுத்தாளர் டொமினிக் லேப்பியர் அந்நகரத்துச் சேரி வாழ்க்கையை வைத்து எழுதிய நாவல் உலகமெங்கும் விற்றது. 1992-ல் அது சினிமாவாகவும் வந்தது. நடந்தவற்றைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவை பழைய இருப்பு. பழைய இருப்பை இன்றைய விலைப் பட்டியலில் போட்டால் கணக்கு உதைக்கும்.

சென்ற 2025 நவம்பரில் நாமும் இரண்டு வணிக நண்பர்களும் ஹவுரா மெயிலில் புறப்பட்டுப் போய் ஐந்து நாட்கள் தங்கி வந்தோம். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறோம்.

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து 1943-ல் திறந்த பாலத்தைக் கடந்தால் எதிரே படாபஜார். நெரிசல் என்றால் நம்ம கொத்தவால் சாவடி பழைய இடத்தில் இருந்த காலத்தைப் போலப் பல மடங்கு. தலைச்சுமைக்காரர்கள் வரும்போது ஒதுங்காவிட்டால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். குப்பை உண்டு, சகதி உண்டு, வெற்றிலைக் கறை உண்டு. இவ்வளவும் ஊர்ப் பேச்சில் உள்ளபடியே இருக்கின்றன.

ஆனால் ஐந்து நாளும் பந்த் இல்லை. பையை யாரும் அறுக்கவில்லை. போஸ்தா பகுதியிலுள்ள பருப்பு, எண்ணெய், மசாலா மொத்தக் கடைகளில் பெரும்பாலும் இந்தி பேசும் மார்வாரி வியாபாரிகள் இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியும் கால்குலேட்டரும் போதுமானதாக இருந்தது. மாதிரி கேட்டால் முகம் சுளிக்கவில்லை. வர்த்தமான் பக்கத்துக் கோவிந்தபோக் அரிசியை, நமது சீரகச் சம்பா போன்ற சிறுமணி வாசனை அரிசி அது, 2017-ல் புவிசார் குறியீடு பெற்றது, ஐந்து கடைகளில் பார்த்தோம். ஒரு கடையில் மட்டும் மாதிரிக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் இருந்தது. அந்தக் கடையை விட்டு நகர்ந்தோம். இப்படி ஒரு கடை நம் ஊரில் இல்லையா?

போக்குவரத்திலும் நாம் கேட்டதற்கும் கண்டதற்கும் தூரம் அதிகம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984-ல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. 2024 மார்ச் முதல் ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே மெட்ரோ ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அந்தப் பாதை முழுவதும் இணைந்து விட்டதால் ஹவுராவிலிருந்து சியால்டாவுக்கு நெரிசலில் சிக்காமல் போய் விடலாம். இதை நமக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 20 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள 19 நகரங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பதிவான பெரிய குற்றங்கள் மிகக் குறைவாக இருந்தது கல்கத்தாவில்தான், 86.5 வழக்குகள். பதிவான வழக்குகளை மட்டும் வைத்துச் சொல்லும் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது. அதே நகரத்தில் 2024 ஆகஸ்டில் ஓர் இளம் பெண் மருத்துவர் தாம் வேலை செய்த அரசு மருத்துவமனையிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஐந்து நாள் மார்க்கெட்டில் சுற்றிய மூன்று ஆண் பிள்ளைகள், இந்த ஊரில் பயமே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது நியாயமாகாது. ஊர்ப் பேச்சைக் கேட்டு ஓர் ஊரைத் தள்ளுவது எப்படித் தவறோ, அப்படியே நாலு நாள் பார்த்துவிட்டுத் தூக்கி வைத்துப் பேசுவதும் தவறு.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று. பயமுறுத்தியவர்களில் ஒருவர்கூட நெருப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. படாபஜாரின் நிஜமான ஆபத்து அதுதான். பழைய கட்டிடங்கள், குறுகிய சந்து, மாடிப்படியெல்லாம் சரக்கு, தலைக்கு மேல் சிக்கிய மின்கம்பிகள். 2008-ல் நந்தராம் மார்க்கெட்டும் 2018-ல் பக்ரி மார்க்கெட்டும் பற்றி எரிந்தன. 2025 ஏப்ரலில் அந்தப் பகுதியில் ஒரு தங்கும் விடுதியில் தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். கொள்முதலுக்குப் போகிறவர்கள் தங்குவது இத்தகைய விடுதிகளில்தான். எனவே வாடகை நூறு ரூபாய் கூடினாலும் இரண்டு மாடிப்படி உள்ள இடமாகப் பார்த்துத் தங்க வேண்டும். கெட்ட பெயர் நம்மைப் பயப்பட வேண்டாததற்குப் பயப்பட வைத்து, பயப்பட வேண்டியதை மறைத்து விடுகிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கல்கத்தா வேண்டாம் என்று நாம் சொன்னாலும் அதன் சரக்கு நம் கடையில் இல்லாமல் இல்லை. 1855-ல் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை தொடங்கியது முதல், நாம் அடுக்கும் சாக்கு பெரும்பாலும் அந்த ஆற்றங்கரையில் நெய்ததுதான். நேரில் போகாதவர்கள் நடுவில் இருப்பவருக்குத் தரகு கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊர்த் தரகர்களில் சிலர் அந்த மார்க்கெட்டைப் பற்றிப் பயமுறுத்துவதில் காட்டும் சுறுசுறுப்பை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஊருக்குக் கெட்ட பெயர் இருக்கிற வரைக்கும்தான் அவர்களுக்கு வரும்படி.

பெயரை நம்பாமல் வியாபாரம் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். நடக்காதுதான். ஒருவருடைய நாணயத்தை நம்பித்தான் கடன் சரக்குப் போடுகிறோம். ஆனால் அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் அவரோடு பற்று வரவு வைத்தவர்கள். சொன்னது தவறானால் அடுத்த முறை அவர்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். ஊரைப் பற்றிச் சொல்கிறவருக்கு அப்படி ஒரு பொறுப்பும் கிடையாது. சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய் விடுவார்.

இந்த அநியாயம் நமக்கும் நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. எங்கோ எப்போதோ எடுத்த படங்கள் அவை. பயந்து போய்ப் பலர் ரயிலேறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பி விசாரித்தது. வந்து பார்த்தவர்களுக்கு உண்மை தெரிந்தது. வந்து பார்க்காதவர்களில் சிலர் இன்னும் அதை நம்பிக் கொண்டிருக்கக் கூடும். ஊரின் பெயர் கெட்டால் மூட்டை தூக்க ஆள் இல்லாமல் போகும் என்பதை அந்த நாட்களில் நாம் அனுபவத்தில் பார்த்தோம். நமக்கு வலித்தது அடுத்த ஊர்க்காரருக்கும் வலிக்குமல்லவா?

முடிவாக நமது யோசனைகள். முதன் முறை போகிறவர்கள் தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராகப் போகவும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவும். சுமைக் கூலியை மூட்டை தூக்குவதற்கு முன்பே பேசி விடவும். மாதிரியில் பாதியை முத்திரையிட்டு நம் கையில் வைத்துக் கொள்ளவும். சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கு ஒரு வெளி மார்க்கெட்டுக்கு உறுப்பினர்களை அழைத்துச் செல்ல நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். போய் வந்தவர்கள் கண்டதை எழுதி வைக்கச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் போட வேண்டும். அதில் நல்லதையும் எழுதுங்கள், கெட்டதையும் எழுதுங்கள். தேதியை மட்டும் மறக்காமல் போடுங்கள்.