காத்திருக்கச் சொல்வோர்க்கு

‘இளைஞர் முதலில் கற்கட்டும், தலைமையைப் பெரியோர் பார்த்துக்கொள்வர், தம் முறை வரும்வரை அவர்கள் காத்திருக்கட்டும்’ என்று உபதேசிப்போர் எந்நாட்டிலும் உளர். எண்ணிக்கையில் சிறுத்துப்போன மக்களிடையே இக்குரல் பின்னும் உரக்க ஒலிக்கிறது. இது அறிவுரை அன்று, அச்சத்துக்குப் போர்த்திய பொன்னாடை என்பதே நம் கருத்து. இதற்குச் சான்றாக அமெரிக்கப் பூர்வகுடியினரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1953-இல் அமெரிக்க நாடாளுமன்றம், பூர்வகுடி இனங்களுக்கிருந்த தனித்தகுதியை நீக்குவதைக் கொள்கையாகத் தீர்மானித்தது. மெனாமினி, கிளாமத் போன்ற இனங்களின் தகுதியைப் பறிக்கும் சட்டங்கள் அடுத்த ஆண்டே வந்தன. இந்நிலையில் 1961 ஜூனில் பல இனத்தாரும் சிகாகோவில் மாநாடு கூடினர். பெரியோரின் தயக்கம் அங்கு வந்திருந்த மாணவர்களின் மனத்தை உறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அவர்கள் நியூ மெக்சிகோவின் காலப் நகரில் கூடித் தேசிய இந்திய இளைஞர் பேரவையை நிறுவினர். போங்கா இனத்துக் கிளைட் வாரியர், பையூட் இனத்து மெல் தாம், மோஹாக் இனத்து ஷெர்லி ஹில் விட், நவஹோ இனத்து ஹெர்பர்ட் பிளாட்ச்ஃபோர்ட் ஆகியோர் அதில் முன்னின்றனர். அவர்களுக்கு மொழி வேறு, மண் வேறு, வழக்கம் வேறு. எனினும் ஒன்றுசேர்வதற்காக எவரும் தம் இனப்பெயரைத் துறக்கவில்லை.

இளைஞர் திரண்டால் முன்னோரை மறப்பர் என்கிறார்களே, அது மெய்யா? 1964-இல் நடந்ததைப் பாருங்கள். வாஷிங்டன் மாநில ஆறுகளில் மீன் பிடித்த பூர்வகுடியினரை மாநில அரசு கைதுசெய்து வந்தது. பேரவையினர் அவர்களுடன் நின்று, தடையை மீறி வலைவீசும் அறப்போரில் இறங்கினர். அவர்கள் புதுச் சலுகை எதையும் கோரவில்லை. 1854-இல் மெடிசின் க்ரீக் உடன்படிக்கையில் பாட்டன்மார் கையொப்பமிட்டுக் காத்த உரிமையையே கோரினர். ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தாங்கிய துயரும் சேர்ந்தே வழக்கை வென்றது. பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை அவ்வினங்களுக்குரியது என 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தார். 1979-இல் உச்சநீதிமன்றமும் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. முன்னோரின் கையொப்பத்துக்கு உயிரூட்டியவர்களையா முன்னோரை மறந்தவர் என்பது?

இன்னொரு சாரார் உளர். தமக்குப் பணிந்த இளைஞன் ஒருவனைத் தாமே பொறுக்கி, மாலையிட்டு மேடையில் அமர்த்தி, ‘இதோ உங்கள் பிரதிநிதி’ என்பர். பிறர் தேர்ந்தவன் பிறர்க்கே பிரதிநிதி! 2007-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் விதி இதனைத் தெளிவாக்குகிறது: தம்மைப் பாதிக்கும் முடிவுகளில், தம் முறைப்படி தாமே தேர்ந்த பிரதிநிதிகள் வழியே பங்குகொள்வது அம்மக்களின் உரிமை. ஒரு நாற்காலி கிடைப்பதன்று பிரதிநிதித்துவம். அதில் அமர்வது யார் என முடிவுசெய்யும் உரிமையே பிரதிநிதித்துவம். அவ்வுரிமையைத் தனித்தனியே நின்று எவரும் பெற்றதில்லை.

கிளைட் வாரியர் 1967-இல் அரசு ஆணைக்குழு ஒன்றின் முன், தம் மக்களின் வாழ்வைப் பிறரே தீர்மானிக்கும்வரை அவர்கள் சுதந்திரர் அல்லர் என்று எடுத்துரைத்தார். மறு ஆண்டே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 28. முறை வரட்டும் என்று அவர் காத்திருந்தால், அம்முறை வந்திருக்குமா? காத்திருக்கச் சொல்லும் பெரியோர் இதற்கு விடை பகரட்டும்.