அரைப் பவுனுக்கும் குறைவான இயந்திரம்

விலை உயர்ந்த கைக்கடிகாரம் என்றால் கையில் கனக்க வேண்டும் என்பது பழைய எண்ணம். 2010இல் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலுக்காக ரிச்சர்ட் மில் நிறுவனம் செய்த ஆர்எம் 027 அதை அடியோடு மாற்றியது. பட்டையையும் சேர்த்து அதன் எடை 20 கிராமுக்குள் அடங்கியது. உள்ளே ஓடும் டூர்பியான் வகை இயந்திரம் வெறும் 3.83 கிராம். அரைப் பவுன் தங்கம்கூட இதைவிடக் கனம்!

டைட்டானியமும், லித்தியம் கலந்த அலுமினியமும் இதைச் சாத்தியமாக்கின.

எடையைக் குறைப்பது பாதி வேலைதான்; ஆட்டத்தின் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். நடால் இடக்கை ஆட்டக்காரர். கடிகாரம் வலது மணிக்கட்டில். இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து பேக்ஹேண்ட் அடிக்கும்போது அதிர்ச்சி நேராக அங்கே இறங்கும். 2013இல் வந்த ஆர்எம் 27-01 இதற்கு அழகான வழி கண்டது. 0.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள முறுக்கிய எஃகுக் கம்பிகளில் இயந்திரத்தையே கூட்டுக்குள் தொங்கவிட்டார்கள். கம்பிகளின் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் தனி ஏற்பாடு. மொத்த எடை 18.83 கிராம்.

லட்சக்கணக்கான டாலர் விலை பலருக்கு உறுத்தலாம். ஆனால் அந்தப் பணம் பேசுவது தங்கத்தையோ வைரத்தையோ அல்ல. தேவையற்ற ஒவ்வொரு மில்லிகிராமையும் சுரண்டியெடுத்த உழைப்பை. ஆர்எம் 027 கடிகாரத்தை அலமாரியில் பூட்டி வைக்காமல், 2010 பிரெஞ்சு ஓப்பன் களிமண் தளத்தில் கட்டிக்கொண்டே ஆடி நடால் கோப்பையை வென்றார்.